பெயரில்லாத கல்யாணப் பெண்

சென்ற தை மாதம் நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணம். மஞ்சள் வியாபாரக் குடும்பம். அழைப்பிதழில் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து தவறிப்போனதாம். தாய்மாமன் அச்சகத்துக்கே போய்ச் சண்டை பிடித்து, அத்தனையையும் மறுபடி அடிக்க வைத்துவிட்டார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. சட்டைப் பையில் ஒரு பத்திரிகாசிரியரின் கடிதம் இருந்தது.

வீரராஜேந்திர சோழனின் மகளை வைத்து ஒரு தொடர்கதை வேண்டுமாம். துங்கபத்திரைக் கரையில் காதல் அரும்ப வேண்டுமாம். அவள் பெயர் தெரியவில்லையென்றால் பாதகமில்லை, தேன்மொழி என்று வைத்துக்கொள்ளலாமாம்.

காதலாவது, அரும்புவதாவது! சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் தன் அண்ணனைப் பகைத்துக்கொண்டு வந்தான். நேற்றுவரை சாளுக்கியரோடு போரிட்ட சோழன் அவனுக்குப் பெண்ணைக் கொடுத்தான். 1070-ல் தகப்பன் மாண்டான். மாப்பிள்ளை காஞ்சிக்கு ஓடிவந்து மைத்துனன் அதிராஜேந்திரனைச் சிம்மாசனத்தில் அமர்த்திவிட்டுத் திரும்பினான். அந்த மைத்துனனும் சீக்கிரமே கொல்லப்பட்டான். அடுத்துப் பட்டமேறியவன் வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கன். அவன் வேறு யாருமல்ல, அந்தப் பெண்ணின் சொந்த அத்தை அம்மங்கையின் மகன்! அம்மங்கையும் வேங்கிக்குக் கொடுக்கப்பட்டவள்தான். அவளுடைய மாமியார் குந்தவையும் அப்படியே. (வாசகர்கள் 'பொன்னியின் செல்வ'னில் கண்ட குந்தவை அல்ல, அவள் ராஜராஜனின் தமக்கை, இவள் மகள். இவளுக்கு யாரும் நாவல் எழுதவில்லை.)

தமையன் பிணமானான். புருஷனும் அத்தை மகனும் ஜன்ம வைரிகளானார்கள். நடுவில் நின்றவள் என்ன நினைத்தாள்? விக்கிரமாதித்தன் சபையில் காசுமீரத்துக் கவி பில்ஹணர் இருந்தார். சந்திரலேகையின் சுயம்வரத்தைச் சருக்கம் சருக்கமாகப் பாடினார். சோழன் மகளைக் கொடுத்ததையும் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஐரோப்பாவிலும் இதே வியாபாரம்தான். 972-ல் கிரேக்கப் பெண் தியோபானுவை ரோமாபுரியில் இரண்டாம் ஓட்டோவுக்கு மணம் செய்துவைத்தார்கள். அவளுக்கு என்னென்ன சொத்து என்று ஊதா நிறத் தோலில் பொன்னெழுத்தில் எழுதினார்கள். நம் மொய் நோட்டு மாதிரி அந்தச் சாசனம் ஜெர்மனியில் இன்றும் இருக்கிறது. கணவன் இறந்தபின் பாலகன் சார்பில் அவளே ராஜ்யத்தை நடத்தினாள். இங்கே ராஜராஜன் பட்டமேறிய 985-ல் அங்கே அவள் அதிகாரம். அவளையும் அரசியலுக்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் கணக்கில் பெயர் இருக்கிறது.

சரித்திரக்காரர்கள் 'மண உறவு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நாம் கதைக்காரர்கள் அதைவிட மோசம். அதற்கு நிலா வெளிச்சம் பூசுகிறோம். நானும் பூசியவன்தான். கப்பமாகப் போன ஓர் இளவரசியைப் பல்லக்கில் புன்னகைக்க வைத்து, பாராட்டுக் கடிதங்களும் வாங்கியிருக்கிறேன்.

கதைதானே என்பீர்கள். ஒற்றனை உண்டாக்கலாம், குதிரையை உண்டாக்கலாம், சுரங்கப் பாதை எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் அவள் மனசாரப் போனாள் என்று நான் எழுதினால், அது அவளை அனுப்பியவர்களுக்காகச் சொல்லும் பொய்ச்சாட்சி. தேன்மொழியாம்!

ஊர் திரும்பியதும் ஆசிரியருக்கு எழுதினேன்: தொடர் தருகிறேன். தமையன் செத்த செய்தி வரும் நாளில் கதை தொடங்கும். கதாநாயகிக்குக் கடைசிவரை பெயர் கிடையாது.

பதில் இன்னும் வரவில்லை.