படம் எடுத்தது நாம், உரிமை யாருக்கு?

திருமணம், பிறந்தநாள் என்று படம்பிடித்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் மாணவர்கள் ஈப்போவில் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குப் படவரிப் பக்கமே முகவரி. சொந்த இணையத்தளம் அமைத்துக்கொள்வதே நல்லது என்பேன். அங்கே நல்ல படங்கள் புதிய பதிவுகளுக்கு அடியில் புதைந்துபோகா. சிறந்த 20 படங்களை நாமே தேர்ந்து வரிசைப்படுத்தலாம்.

ஆனால், எந்தப் படங்களை வைப்பது? இங்குதான் கவனம் தேவை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டு நாம் எடுத்துத் தரும் படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவருக்கே போய்ச் சேரும். ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு எடுத்தால் முதலாளிக்கு. ஆகவே, முன்பணம் வாங்கும்போதே, படங்களை நம் தளத்தில் வெளியிடச் சம்மதம் என்று எழுதி வாங்கிவிட வேண்டும். தெரிந்தவர்தானே, வாய்வார்த்தை போதும் என்று விடக்கூடாது.

யாரும் கேட்காமல் நாமாக எடுக்கும் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பேராக்கில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் தோட்டத்துக் கோயிலும் பழைய லயத்து வீடுகளும் பால் வெட்டிய தாத்தா பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

மணமேடைப் படங்கள் எல்லாருடைய தளத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். தோட்டத்துப் படங்களோ நம்மைத் தனித்துக் காட்டும். நாளை அந்த லயம் இடிபட்டாலும், அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதன் முகமாவது மிஞ்சும்.