இலக்கை எட்டிவிட்டோமா?

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று இரு பணிகள் புரிகின்றது. குற்றாலத்தில் சாரலாய்ப் பொழிந்து அருவிகளை நிறைக்கின்றது. தென்காசியைக் கடந்து சுரண்டைப் பகுதியில் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. முன்னதைக் கொண்டாடும் நாம் பின்னதை எண்ணிப் பார்க்கின்றோமா?

2030-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் அமையும் என 2022-இல் இந்திய அரசு உறுதி கூறியது. 2025-லேயே அது நிறைவேறியது, மகிழ்கின்றோம். "இனி என்ன குறை?" என்பாரும் உளர்.

குறை உண்டு! நிறுவிய திறன் வேறு, விளையும் மின்சாரம் வேறு. விளைவதில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரி தருவதே. ஏர்களை எண்ணிவிட்டுக் களத்து நெல்லை அளக்காத குடியானவன் உண்டா? காற்று மிகும் நாட்களில், மின்பாதை ஏற்காதென்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதையும் தமிழகம் கண்டிருக்கின்றது. இறைவன் அருளிய நிஃமத்தை இவ்வாறு வீணாக்குவது இஸ்ராஃப் அன்றி வேறென்ன?

ஆகவே, இலக்கு உயர வேண்டும். அது நிறுவிய மெகாவாட்டில் அன்று, விளையும் யூனிட்டில் குறிக்கப்பட வேண்டும். மின்பாதைக்கும் மின்சேமிப்புக்கும் தனித்தனி இலக்குகள் வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் இதனைக் கேட்போமாக!