அணைக்க வேண்டியது விளக்கையா, பழுதையா?

கிளிநொச்சியிலிருந்து கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாவுலவைத் தாண்டியதும் காரின் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. ஆசனத்தில் ஒருவர் இருக்க, அவருக்கு முன்னால் ஒரு வட்டம். எயார்பேக் தொகுதியில் பழுது இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

"இது அடிக்கடி வாறதுதான் தங்கச்சி. கொஞ்சம் ஓட அணைஞ்சிடும்" என்றார் அண்ணை.

அவர் எனக்குத் தெரிந்தவர். 2009இல் இடது காலைத் தொடையோடு இழந்தவர். கியர் மாற்றத் தேவையில்லாத ஓட்டோ கார் என்பதால் வலது காலாலேயே ஓட்டுகிறார். பேராதனையில் படிக்கும் மகளை விடுமுறைக்குக் கூட்டிவரப் புறப்பட்டிருந்தார். நான் கண்டியில் ஒரு வேலைக்காகத் தொற்றிக்கொண்டேன். விளக்கு அணையவில்லை. மாத்தளை நகரில் நிறுத்தினோம்.

முதலாவது கராஜில் பத்து நிமிட வேலை என்றார்கள். பழுது பார்ப்பதற்கல்ல, விளக்கைக் கழற்றுவதற்கு. அண்ணை தலையாட்டத் தொடங்கிவிட்டார். மகள் ஏறப்போகும் காரல்லவா என்று சொல்லித்தான் அவரை இரண்டாவது கராஜுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்தவர் றத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த இளைஞர். ஸ்கேனரைப் பூட்டினார். எஞ்சின் பழுதை மட்டும் வாசிக்கும் மலிவான கருவி இதற்கு உதவாது, எயார்பேக் கணினியோடு பேசக்கூடியது வேண்டும் என்றார். திரையில் வந்த பழுது: சாரதி ஆசன நிலை சென்சர்.

இந்தச் சென்சர் எல்லாக் கார்களிலும் இல்லை. இருக்கும் கார்களில், ஆசனம் நகரும் தண்டவாளத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். சாரதி ஸ்டியரிங்கிற்குக் கிட்ட இருக்கிறாரா, தள்ளி இருக்கிறாரா என்பதை எயார்பேக் கணினிக்குச் சொல்வதே அதன் வேலை. கிட்ட இருப்பவருக்கு எயார்பேக் குறைந்த வேகத்தில் விரிய வேண்டும். முழு வேகத்தில் விரிந்தால் காப்பாற்ற வந்த பையே கழுத்தையும் நெஞ்சையும் அடிக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக விபத்துகளில் முன்பக்க எயார்பேக் விரிந்த தாக்கத்தினால் மட்டும் 290க்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் 1998க்கு முன் தயாரிக்கப்பட்ட வாகனங்களில் இருந்தவர்கள். அந்த மரணங்களுக்குப் பிறகுதான் இருப்பவரை அறிந்து விரியும் எயார்பேக்குகள் அங்கே சட்டமாகின. சாரதியின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் அங்கிருந்துதான் வந்தது. உயரம் குறைந்த பெண்கள் பலருக்கு இந்த இடைவெளி கிடைப்பதில்லை. அண்ணைக்கும் கிடைப்பதில்லை.

இளைஞர் ஆசனத்துக்குக் கீழே ரோச் அடித்துப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தல், குடை, விழுந்த நாணயம் என்று எதுவும் வயரில் சிக்கியிருக்கவில்லை. "சீட்ட மெதுவா முன்னுக்குத் தள்ளுங்கண்ணே" என்றார். திரையில் 'பின்' என்றிருந்தது 'முன்' என்று மாற வேண்டும். மாறவில்லை. நடுவழியில் சமிக்ஞையே அறுந்தது.

பிறகு இக்னிஷனை நிறுத்தி, பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் காத்திருந்தார். தொகுதியில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிய பின்னரே ஆசனத்துக்குக் கீழுள்ள வயர்களில் கைவைக்கலாமாம். எயார்பேக்கிற்குப் போகும் மஞ்சள் வயர்களில் சாதாரண மீற்றரை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்தச் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம் என்றார்.

சென்சர் பழுதில்லை. அதன் வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் கழன்றிருந்தது. ஆசனம் நகரும்போதெல்லாம் தண்டவாளத்தில் உரசி, வயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"சீட்ட அடிக்கடி தள்ளுவீங்களாண்ணே?"

அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. செயற்கைக் கால் மடங்காது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் ஆசனத்தை முழுதாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும்; பிறகு ஓட்டுவதற்கு முன்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. மற்றவர்களின் காரில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வயர், இவருடைய காரில் தினமும் தேய்ந்திருக்கிறது. இந்தச் சென்சர் யாருக்கு அதிகம் தேவையோ, அவருடைய காரிலேயே அது முதலில் பழுதாகிறது.

தேய்ந்த வயருக்கு ரேப் சுற்ற இளைஞர் மறுத்துவிட்டார். சென்சரும் வயரும் சேர்ந்த பகுதி கண்டியில் கிடைத்தது. திரும்பும் வழியில் மாற்றி, கிளிப்பும் போட்டுத் தந்தார்.

விளக்கைக் கழற்றுவது ஏன் இவ்வளவு இலகுவான தெரிவாகிறது? தனியார் கார் ஒன்றின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க நம்மிடம் கேட்கப்படுவது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும்தான். புகை அளக்கப்படுகிறது. சாரதியைக் காப்பாற்ற வேண்டிய தொகுதி வேலை செய்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடிய கார்களே கைமாறி ஓடின. விற்பவருக்கு எரியும் விளக்கு விலையைக் குறைக்கும் விடயம். அணைந்த விளக்கை வாங்குபவர் கேள்வி கேட்பதில்லை.

புகைப் பரிசோதனைக்கு வரும் காரில் இக்னிஷனைப் போட்டு இந்த ஒரு விளக்கையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. ஒழுங்குவிதி ஒன்று போதும். போரில் காயப்பட்டு வாகனம் ஓட்டுவோர் இருக்கும் வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கோரிக்கை நம்மிடமிருந்தே எழ வேண்டும்.

அதுவரை நாமே பார்க்கலாம். இக்னிஷனைப் போட்டதும் எயார்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லாவிட்டால் இன்னும் மோசம்: யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். எயார்பேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆசனப்பட்டி கட்டாயம்.

மாத்தளையிலிருந்து புறப்பட்டபோது மகள் முன் ஆசனத்தில் இருந்தாள். அண்ணை இக்னிஷனைப் போட்டார். விளக்கு எரிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அணைந்த பிறகே காரை எடுத்தார்.