அன்சாரியின் மரணம் யாருக்காக?

'பாதாள் லோக்' இரண்டாம் பருவம் குறித்த பாராட்டுரைகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: இமரான் அன்சாரியின் மரணமே தொடரின் உச்சம் என்பது. இதை நான் மறுக்கிறேன். தாங்கள் படைத்த பாத்திரத்தைக் கண்டு எழுத்தாளர்களே அஞ்சிப் பின்வாங்கிய இடம் அது. (தொடரை இன்னும் பாராதோர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.)

2020இல் வெளிவந்த முதல் பருவத்தில் அன்சாரி, டெல்லியின் யமுனைக்கு அப்பாலுள்ள காவல் நிலையமொன்றில் ஹாத்திராம் சௌத்ரியின் கீழ்ப் பணிபுரியும் இளைஞர். குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, தம் மதத்தைக் குறித்து உடன் பணிபுரிவோர் உதிர்க்கும் சொற்களைக் கேளாதவர்போல் கடந்து செல்பவர். 2025இல் அவர் ஐபிஎஸ் அதிகாரி. நாகா அரசியல் தலைவர் ஜொனாதன் தோம் டெல்லியில் கொல்லப்பட்ட வழக்கு அவர் கையில் இருக்கிறது. ஹாத்திராமோ பழைய இடத்திலேயே இருந்து, காணாமற்போன ரகு பாஸ்வானைத் தேடுகிறார். இரு வழக்குகளும் இணைந்து இருவரையும் நாகாலாந்துக்கு இட்டுச்செல்கின்றன.

இங்கேதான் தொடர் அரியதொன்றைத் தொட்டது. நேற்றுவரை கீழே இருந்தவரை இன்று ஹாத்திராம் 'சார்' என்று விளிக்க வேண்டும். விளிச்சொற்களையும் முன்னிலைப் பெயர்களையும் அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர் பிரவுனும் கில்மனும் (1960). இவ்விருவரிடையே அவ்விரு அச்சுகளும் மோதுகின்றன. பதவி ஒன்றைக் கோருகிறது, பழக்கம் வேறொன்றைக் கோருகிறது. 'நீ'யிலிருந்து 'நீங்க'ளுக்கு மாற நேரும்போது நாவில் எழும் தயக்கம் தமிழ் பேசும் எவருக்கும் விளங்கும். ஓர் இஸ்லாமிய அதிகாரிக்குக் கீழ், அவரை நேசிக்கும் பெரும்பான்மைச் சமூகத்து மனிதர் எப்படிப் பணிபுரிவார்? இக்கேள்வியை நம் குற்றத் தொடர்கள் எத்தனை கேட்டிருக்கின்றன? கேட்ட தொடரும் விடைக்குக் காத்திராமல், நடுவழியில் ஒரு தோட்டாவால் அதை முடித்துவிட்டது.

இரண்டாவது குற்றச்சாட்டு இதனினும் கடுமையானது. அன்சாரி தன்பாலீர்ப்பாளர் என்பதை இப்பருவம்தான் வெளிப்படுத்துகிறது. ஹாத்திராம் அதைத் தடுமாற்றத்தோடும் பரிவோடும் ஏற்கிறார். காட்சி அழகுதான். ஆனால் அந்த ஏற்பு ஹாத்திராமின் பெருந்தன்மைக்குச் சான்றானதும் அன்சாரி போய்விடுகிறார். தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த பாத்திரத்தை விரைவில் சாகடிப்பது உலகத் தொலைக்காட்சியின் பழைய வழக்கம். 2018இல் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவு குறித்துத் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின்னரும் திரைக்கதை இத்தகைய மனிதருக்கு ஒரு முழுப் பருவ ஆயுளைக்கூட வழங்கத் தயங்குகிறது.

“காவலர்கள் சாவது யதார்த்தம்தானே?” என்று கேட்கலாம். யதார்த்தம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே என் வினா. அன்சாரி விழுந்தபின் நாம் காண்பவை ஹாத்திராமின் துயரம், ஹாத்திராமின் சினம், ஹாத்திராமின் உறுதி. நாட்டார் கதைகளின் துணைவனுக்குப் பிராப் வகுத்த பணி நாயகனின் பயணத்துக்கு உதவுவது. தனி வாழ்வும் அதிகாரமும் பெற்று அவ்வரையறையை மீறிய ஒருவரை, தொடர் அதே பணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

சிறுபான்மைப் பாத்திரங்கள் சாகவே கூடாது என்பதன்று என் வாதம். ஒரு மரணம் கதையில் எந்தக் கேள்வியைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் கபீரின் தந்தை தம் மகனைப் பற்றிப் பேசுகையில், அரசு மறைக்க முயன்ற ஒன்று திறந்தது. அன்சாரியின் மரணம் எதையும் திறக்கவில்லை. எழுதக் கடினமான ஓர் உறவை எழுதாமலிருக்க அது வழிசெய்தது.

'பிரதிநிதித்துவம்' பற்றி ஆய்வேடு எழுதும் நண்பர்களே, எத்தனை பாத்திரங்கள் தோன்றின என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் எந்தக் காட்சிவரை பேச அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.