எந்த நச்சு, எந்த நொதியம்?

ஏழு நாள், ஒரு போத்தல், வெறும் வயிற்றில் இரண்டு மூடி. உடம்பில் இருக்கிற நச்செல்லாம் வெளியில போயிடுமாம். டிக்டொக்கைத் திறந்தால் இதுதான். பகிர்கிறவர்களில் உயர்தரத்தில் உயிரியல் படித்த நம் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

விற்கிறவர் ஒருவரிடம் "எந்த நச்சு?" எண்டு கேட்டுப் பார்த்தோம். பதிலுக்குப் பச்சை இலைப் படம் ஒன்று வந்தது. கூடவே ஒரு வரி: "ஈரல் நொதியங்களைத் தூண்டும்." நல்லது. அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஈரலில் நச்சகற்றும் நொதியம் எண்டு பேர் எடுத்த ஒன்று எபொக்சைட்டு ஐதரோலேஸ். அதைத் தூண்டினால் என்ன நடக்கும்?

எபொக்சைட்டு என்பது இரண்டு காபனும் ஒரு ஒட்சிசனும் முக்கோணமாக இறுகி நிற்கும் அமைப்பு. அந்த இறுக்கம் தாங்காமல் எதிலாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டி.என்.ஏ.யில் ஒட்டினால் வில்லங்கம். நாம் விழுங்குகிற, சுவாசிக்கிற பல பொருட்களை வெளியேற்றப் போகும்போது சைற்றோகுரோம் பி450 எனும் நொதியக் கூட்டமே இந்த முக்கோணங்களை உண்டாக்கிவிடுகிறது. ஐதரோலேஸ் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து முக்கோணத்தைத் திறக்கும். கிடைக்கும் டையோல் பெரும்பாலும் சாது; கழிவோடு போய்விடும்.

இது சின்ன வேலை இல்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன் உடம்பில் எபொக்சைட்டாக மாறும். அதைத் திறப்பது இந்த நொதியம்தான். கூடவே வல்புரோயேற்றும் எடுத்தால் நொதியம் தடைப்பட்டு எபொக்சைட்டு தேங்கும். தலைச்சுற்றும் இரட்டைப் பார்வையும் வரலாம். அப்ப நல்ல நொதியம்தானே?

பொறுங்கோ. 1775இல் லண்டன் அறுவைமருத்துவர் பெர்சிவல் பொட், புகைபோக்கி துப்புரவு செய்தவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் காரணம் கரி எண்டு எழுதினார். அப்படியான கரியிலும் தாரிலும் இருக்கும் முக்கியமான குற்றவாளி பென்சோபைரீன். சிகரெட் புகையிலும் விறகுப் புகையிலும் அது இருக்கு. ஆனால் அது தானாகப் போய் டி.என்.ஏ.யில் ஒட்டாது. பி450 முதலில் அதை எபொக்சைட்டாக்கும். நம்முடைய ஐதரோலேஸ் தன் கடமையைச் செய்து அதை டையோலாக்கும். அந்த டையோலின் பக்கத்தில் பி450 இன்னொரு முக்கோணத்தைப் போடும். இந்த இரண்டாவது முக்கோணத்தை ஐதரோலேஸால் லேசில் திறக்க முடியாது. அது நேரே டி.என்.ஏ.யின் குவானினில் போய் ஒட்டும். ஆக, "நச்சகற்றும்" நொதியம் இல்லாவிட்டால் இந்த வழியில் அந்த இறுதி நச்சே உருவாகாது.

ஊகமா? இல்லை. 1999இல் இந்த நொதியத்தின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பென்சோபைரீனின் உறவுக்கார இரசாயனம் ஒன்றை அவற்றின் தோலில் பூசினார்கள். சாதாரண எலிகளுக்குக் கட்டி வந்தது, நொதியம் இல்லாதவை தப்பிக்கொண்டன. இன்னொன்று: சிகரெட் புகையே பி450இன் ஒரு வகையை நன்றாகத் தூண்டும். தூண்டுவதுதான் சுகம் எண்டால் சிகரெட்டையும் போத்தலில் அடைச்சு விற்கலாம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று இருக்கு, கரையும் வகை. இது வெளிநச்சைவிட நம் உடம்பே உண்டாக்கும் கொழுப்பமில எபொக்சைட்டுகளைத்தான் அதிகம் உடைக்கிறது. அந்த எபொக்சைட்டுகளோ குருதிக் குழாயை விரிப்பவை, அழற்சியைத் தணிப்பவை. அவற்றைக் காப்பாற்ற இந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள். பூச்சிகளின் ஹோர்மோனைப் படிக்கப் போய் இந்த நொதியத்திடம் வந்து சேர்ந்த அமெரிக்கர் புரூஸ் ஹாமொக்கின் வழியில் வந்த வலி மருந்தொன்று மனிதரில் ஆரம்பகட்டப் பரிசோதனை வரை போயிருக்கிறது. அதற்காக "தடுப்பது நல்லது" எண்டு அடுத்த போத்தலுக்கு லேபல் ஒட்டவும் ஏலாது. அதே எபொக்சைட்டுகள் கூடியபோது சுண்டெலிகளில் கட்டிகள் வளர்ந்து பரவியதும் பதிவாகியிருக்கிறது.

ஒரே குடும்பம். ஓரிடத்தில் காவல், ஓரிடத்தில் கூட்டுக்களவு, ஓரிடத்தில் நல்ல கொழுப்பைக் கலைக்கிற வேலை. எது எண்டு தீர்மானிப்பது நொதியத்தின் குணம் இல்லை, அதன் கையில் என்ன வந்து சேருகிறது என்பதுதான். "ஈரல் நச்சகற்றும்" எண்டு பரீட்சைக்கு ஒற்றை வரியில் பாடமாக்கியதன் விலையைத்தான் இப்ப போத்தலுக்குக் கொடுக்கிறோம். விற்பவருக்கு அந்த ஒற்றை வரி போதும். மிச்சத்தை நம்முடைய பயம் விற்றுக்கொடுக்கும்.

எங்களுக்குக் கோபம் வருவது இங்கதான். 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றதும், பிறகு குசினிக்குள் விறகு திரும்பி வந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எத்தனையோ வீட்டில் இன்னும் விறகுதான். சுவர் கறுத்து, கண் எரிஞ்சு, குனிஞ்சு ஊதுகிறது அம்மாமார். அந்தப் புகையில் பென்சோபைரீன் இருக்கு எண்டு தெரிஞ்ச நாங்கள், புகைபோக்கியைப் பற்றி ஒரு பதிவு போட்டிருக்கிறோமா? அம்மாவுக்கு ஏழு நாள் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அவ ஊதுகிற அடுப்புக்கு மேலே ஒரு ஓட்டைகூட இல்லாததைப் பார்க்காமல் போனைத் தடவிக்கொண்டு இருக்கிறோம்.