முதல் மூன்று மாதத்துக்குக் கட்டணம் வேண்டாம்



தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நமக்கு வரும் கடிதங்களில் பாதி, "அடுத்து என்ன படிக்கலாம்?" என்றே கேட்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். கேட்டவர் ஒருவர்தான். ஆனால் அதே கேள்வியோடு எத்தனையோ வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

எழுதியவர் தேனிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தந்தை. மகள் பி.காம். முடித்துவிட்டாள், வெப் டிசைனர் ஆக வேண்டும் என்கிறாள். அருகிலுள்ள பயிற்சி மையத்தில் விசாரித்தால், ஆறு மாதத்தில் பதினாறு சாஃப்ட்வேர் கற்றுத் தருகிறோம், வேலைக்கும் நாங்களே பொறுப்பு என்கிறார்களாம். கட்டணம் பெரிய தொகை. "நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் மகள் நல்ல வேலையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முதல் மூன்று மாதத்துக்கு அவளுக்குத் தேவை ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட், ஒரு ப்ரவுசர், தினமும் இரண்டு மணி நேரம். அதற்குள் இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். பிறகு ஏதாவது வகுப்பில் சேர்ந்தாலும், ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய்ச் சேருவாள்.

பதினாறு சாஃப்ட்வேர் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெப் டிசைன் என்றாலே ஃபிளாஷ்தான். எழுத்துகள் பறந்து வந்து உட்காரும், பட்டனைத் தொட்டால் ஓசை எழும். அதைக் கற்றவர்களுக்கு அன்று நல்ல மரியாதை. ஐபோன் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனமே ஃபிளாஷுக்கு முடிவு கட்டியது. அதை மட்டும் நம்பி இருந்தவர்கள் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் ஹெச்.டி.எம்.எல்.லை ஒழுங்காகக் கற்றவர்களுக்கு, அன்று படித்ததில் பெரும்பகுதி இன்றும் சோறு போடுகிறது.

ஹெச்.டி.எம்.எல். என்றதும் மிரள வேண்டியதில்லை. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இதைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போகும் என்று எழுத்துக்குக் குறியிட்டுச் சொல்லும் முறை, அவ்வளவுதான். ஜெனீவா அருகிலுள்ள சர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக 1989-இல் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. 1993 ஏப்ரல் 30 அன்று சர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை உலகுக்கே பொதுவாக்கியது. யாரும் யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டாம். அடித்தளமே இலவசமாக இருக்கும் ஒரு தொழிலில், நுழைவாயிலிலேயே நகையைக் கேட்பதுதான் என்னை உறுத்துகிறது.

உங்கள் மகளிடம் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு செய்தித்தாளின் தளத்தைத் திறந்து, தலைப்புச் செய்தியின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கட்டும். ஓரத்தில் ஒரு பகுதி திறக்கும். அந்தப் பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது வரிவரியாக அதில் தெரியும். தலைப்பு உள்ள வரியை இரட்டைக் கிளிக் செய்து, அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்து என்டர் தட்டினால், நாட்டின் தலைப்புச் செய்தி இருந்த இடத்தில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கும். அவள் திரையில் மட்டும்தான். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். எதைத் தொட்டாலும் கெட்டுப்போகாது என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விடும். நல்ல தளம் ஒவ்வொன்றும் இப்படித் தன்னைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறது. வேறு எந்தத் தொழிலில், தேர்ந்தவர்களின் வேலையை இவ்வளவு அருகில் நின்று பார்க்க விடுவார்கள்?

அடுத்தது சி.எஸ்.எஸ். பக்கத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளி, அடுக்கு எல்லாம் அதன் பொறுப்பு. ஹோகன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்தது. அதன் வலிமை தெரிய வேண்டுமானால் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' தளத்தைப் பார்க்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே 2003-இல் தொடங்கியது. எல்லா வடிவத்திலும் ஹெச்.டி.எம்.எல். ஒன்றேதான், ஓர் எழுத்து மாறாது. உலகம் முழுவதிலுமிருந்து டிசைனர்கள் ஆளுக்கொரு சி.எஸ்.எஸ். எழுதி அனுப்பினார்கள். நவராத்திரியில் ஒரே அம்மனுக்கு நாளுக்கொரு அலங்காரம் செய்வதுபோல, அதே பக்கம் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கோலத்தில் வருகிறது. முதல் மூன்று மாதத்தில் இந்தப் பயிற்சியைத்தான் நான் சொல்வேன். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டின் நேர அட்டவணையை ஒரு பக்கமாகச் செய்யட்டும். பிறகு அதே அட்டவணைக்கு ஐந்தாறு தோற்றம் கொடுத்துப் பார்க்கட்டும். கடைசி பஸ் எப்போது என்பது எந்தத் தோற்றத்தில் சட்டென்று கண்ணில் படுகிறது என்று கேட்டுக்கொண்டே செய்யட்டும்.

இதைப் போனிலும் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதுதானே. திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தானே மாறி அமரும் முறைக்கு, 2010-இல் ஈதன் மார்கோட் எழுதிய ஒரு கட்டுரையில்தான் 'ரெஸ்பான்சிவ்' என்ற பெயர் கிடைத்தது. இன்று அது இல்லாத தளத்தைத் தளம் என்றே யாரும் கருதுவதில்லை. விலை குறைந்த போனில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, நடுப்பகல் வெயிலில் நின்று படிக்க முடிகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, டிசைனரின் அறையில் அழகாகத்தான் இருக்கும். சர்வதேச அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கின்றன. கண்புரை உள்ள ஒருவர் ஓய்வூதிய விவரம் தேடும்போது அந்த எண்ணின் அருமை தெரியும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் படிப்பவர்களுக்காகப் பக்கம் செய்யத் தெரிந்தவர்கள் நமக்கு நிறையப் பேர் வேண்டும்.

இணையத்துக்குத் தமிழ் புதிதாக வந்த மொழி அல்ல. 1995-இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவருடன் உழைத்தவர்களும் தமிழ்க் கவிதையை வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு கொண்டுவர முயன்றது. அந்த நாட்களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கட்டமும் கிறுக்கலும்தான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யுனிகோட் வந்து அந்தத் துன்பம் தீர்ந்தது. ஆனால் எழுத்து தெரிவது வேறு, வாசிக்கும்படி இருப்பது வேறு. ஆங்கிலப் பக்கத்துக்குச் செய்த அளவுகளிலேயே தமிழை ஊற்றி வைத்திருக்கும் தளங்களைப் பாருங்கள். 'ஓகே' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள் 'விண்ணப்பிக்கவும்' என்று போட்டால் அது வெளியே வழிகிறது, அல்லது நடுவில் முறிகிறது. மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு வரியிடைவெளி போதாமல், 'கீ' என்பதன் மேல்சுழி மேல் வரியின் 'ழு'வோடு போய் முட்டுகிறது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் மீரா இனிமை படிக்க இதமானது, ஆனால் அதில் ஒரே தடிமன்தான் உண்டு. அதைத் தலைப்புக்குப் போட்டு 'போல்ட்' என்று கட்டளையிட்டால், ப்ரவுசர் தானாக எழுத்தைப் பூசிப் பருமனாக்கும்; 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுப்போகும். ஒன்பது தடிமன்கள் கொண்ட கட்டமரான் எழுத்துருவைத் தலைப்புக்கு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒரு குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்கிறது. 'ம'வும் அதன் மேல் விசிறியும் அதற்குத் தனித்தனி, 'ழ'வும் புள்ளியும் தனித்தனி. இடம் போதவில்லை என்று நான்கோடு வெட்டும்படி எழுதினால் திரையில் 'தமிழ' என்று நிற்கும். பெயரின் முதலெழுத்தை மட்டும் வட்டத்துக்குள் காட்டும் செயலிகளில் 'மீனா' வெறும் 'ம' ஆகிவிடுவதும் இதனால்தான். இந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்து, அதோடு இந்தத் தொழிலும் தெரிந்த ஒருவருக்குத்தான் இது முதல் பார்வையிலேயே கண்ணில் படும். தேனியிலிருந்து ஒரு பெண் இந்த வேலைக்கு வரும்போது, பெருநகரத்துக் கல்லூரியில் படித்த பலருக்கு இல்லாத ஒரு தகுதியோடு வருகிறாள்.

பார்வையற்ற வாசகர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனில் உள்ள டாக்பேக், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. போன்றவை பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுகின்றன. பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று ஒரே ஒரு குறி இட்டால், எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். அறிவிப்பைப் படமாக ஒட்டிவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் விட்டால், அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. எத்தனையோ அலுவலகங்கள் இன்னும் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஜாவாஸ்கிரிப்டும், பக்கத்தை முன்கூட்டியே வரைந்து பார்க்க உதவும் ஃபிக்மாவும் வேண்டும்தான்; நான்காவது மாதம் தொடங்கினால் போதும். வெப் பாடங்களைக் கற்றுத் தரும் மொசில்லாவின் எம்.டி.என். பக்கங்களும் ஃப்ரீகோட்கேம்ப் தளமும் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று தமிழ்வழியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்களே. அருகில் ஒரு நோட்டு வைத்துத் தமிழில் குறிப்பெழுதிக்கொண்டே படித்தால், சில வாரங்களில் வேகம் பிடிக்கும்.

ஏ.ஐ.யே தளம் செய்துவிடுகிறதே, இனி இந்தப் படிப்பு எதற்கு என்றும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். செய்து தருகிறது, உண்மைதான். வழிகிற பட்டனையும் அது தயங்காமல் செய்து தரும். அது வழிகிறது என்று பார்த்து, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று சொல்ல அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். அடிப்படையைக் கையால் எழுதிப் பழகியவர்களுக்கு அது நல்ல உதவியாள். பழகாதவர்களுக்கு, கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த சாஃப்ட்வேரிலும் வராத ஒரு திறமை, ஆளைக் கவனிப்பது. ஸ்டீவ் க்ரூக் 2000-இல் எழுதிய 'டோன்ட் மேக் மீ திங்க்' என்ற புத்தகம் இதைத்தான் வலியுறுத்துகிறது. செய்த பக்கத்தை அத்தையிடம் கொடுத்து, "கம்பத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்று கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அத்தையின் கட்டைவிரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எதைப் பட்டன் என்று நினைத்துத் தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். "மேல தட்டுங்க அத்தை" என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லக் கூடாது. அத்தை தடுமாறும் இடமெல்லாம் பக்கத்தில் திருத்த வேண்டிய இடம்.

இப்படி நாலு பக்கங்கள் செய்து இணையத்தில் ஏற்றி வைத்தால், வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். கிட்ஹப் போன்ற இடங்களில் காசில்லாமல் ஏற்றலாம்.

முதல் வாடிக்கையாளர் அநேகமாகத் தெரிந்த ஒருவராகத்தான் இருப்பார்: சித்தப்பாவின் ஏலக்காய்க் கடை, தோழியின் தையல் வகுப்பு. அங்கே ஒரு காரியத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். தளத்தின் முகவரியான டொமைனைக் கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில்தான் பதிவு செய்ய வேண்டும். டிசைனரின் பெயரில் பதிந்து, பிறகு அந்த டிசைனரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல், வருடக் கட்டணம் கட்டத் தவறி, பல ஆண்டு புழங்கிய முகவரியை இழந்த சிறு வியாபாரிகள் எத்தனையோ பேர். பாஸ்வேர்டுகள், புதுப்பிக்க வேண்டிய தேதி, வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, வேலை முடிந்த அன்றே சித்தப்பா கையில் கொடுத்துவிடட்டும். பில்லையும் அப்போதே கொடுக்கலாம். சொந்தக்காரர் என்பதற்காக இலவசமாகச் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்