2பி பென்சில் வட்டம் கருக்க மட்டுமா?



சென்ற வாரம் ஜாலான் புசாரில் பேருந்துக்குக் காத்திருந்தபொழுது என் மாணவி ஒருத்தியின் தாயாரைச் சந்தித்தேன். கையில் இருபத்து நான்கு பென்சில்கள் அடங்கிய தகரப் பெட்டி. "மனித உருவம் வரையப் பழக வேண்டுமாம், ஐயா. நல்ல பென்சில் இருந்தால்தானே வரும்? ஆனால் தேர்வு முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவேன்" என்றார்.

இக்கூற்றில் இரண்டு பிழைகள் உள்ளன. இரண்டும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. நம்மில் பலரிடம் இருப்பவை. ஆகவே எழுதுகிறேன்.

முதற்பிழை, கருவி பெருகினால் கலை வரும் என்பது. பென்சிலின் உள்ளீடு கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795இல் பிரான்சு நாட்டு நிக்கோலா ழாக் கோந்தே காப்புரிமை பெற்ற முறை அது. களிமண் மிகுந்தால் கோடு வெளிறும்; அது எச் வரிசை. கிராஃபைட் மிகுந்தால் கோடு கறுக்கும். அது பி வரிசை. உருவம் வரையப் பழகுவோர்க்கு மூன்று போதும். உடலின் சாய்வைக் குறிக்க எச்பி, புறக்கோட்டுக்கு 2பி, நிழலுக்கு 6பி. உடன், மாவுபோல் பிசைந்து ஒற்றியெடுக்கும் அழிப்பான் ஒன்றும் மலிவான தாள்கட்டு ஒன்றும் இருந்தால் நிறைவு. 1905இல் வெளிவந்த ஃபேபர்-காஸ்டெல் 9000 எனக்குப் பிடித்தது. அது என் பழக்கமேயன்றி விதியன்று.

'சில்பி' என்னும் பி.எம்.சீனிவாசன், ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தார். ஓவியர் ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளிலேயே வரைந்து புகழ்பெற்றார். இவர்களை உயர்த்தியது கண்ணின் உழைப்பா, பெட்டியின் அளவா?

இரண்டாம் பிழை இதனினும் கொடிது. வரைதல் படிப்பைக் கெடுக்கும் என்னும் எண்ணம் அது. தெரிவுவிடைத் தாளில் வட்டம் கருக்க 2பி பென்சில் வேண்டும் என்பதால் அது எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருக்கிறது. உருவம் வரையத் தலைசிறந்த பென்சிலும் அதுவே. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, வட்டத்தைத் தவிர வேறெதையும் வரையாதே என்கிறோம்!

பிறகு அதே பிள்ளையிடம் படத்தைக் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். "ஒரு சிறுவன் நிற்கிறான்" என்று எழுதி அவன் நின்றுவிடுகிறான். எப்படி நிற்கிறான்? சாய்ந்தா, குனிந்தா, எக்கியா, ஒடுங்கியா, ஒருக்களித்தா? இத்தனை சொற்களைத் தமிழ் வைத்திருக்கிறது. உடலை உற்று நோக்காதவனுக்கு இவை மனப்பாடப் பட்டியலேயன்றி வேறில்லை. என் வகுப்பில் ஒருவரை இரண்டு நிமிடம் நிற்கச் செய்து மற்றவரை வரையச் சொல்கிறேன். வரைந்தபின் அந்நிலைக்குரிய சொல்லைத் தேடுகிறோம். அவ்வாறு கிடைத்த சொல்லை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இலக்கண வேளையில் வரைந்துகொண்டிருந்தான். ஏட்டைப் பிடுங்கினேன். அதில் இருந்தவன் நான்! ஒரு கை இடுப்பில், மறுகையில் சுண்ணக்கட்டி, உடலின் பாரம் முழுதும் இடக்காலில். நான் அறியாத என் நிற்கும் வகையை அவன் கண்டிருந்தான். பாராட்டியிருக்க வேண்டும்; கண்டித்தேன். அவன் என் வகுப்பில் மறுபடி வரையவே இல்லை. தமிழிலும் அவனிடமிருந்து நான் அதிகம் பெறவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்னும் நீங்கவில்லை.

பெற்றோரே, விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஜாலான் புசார் காப்பிக்கடை ஒன்றில் அரைமணி நேரம் அமர்த்துங்கள். தேநீர் ஆற்றுபவரின் கை உயர்வதையும் தோள் தாழ்வதையும் அந்த 2பி பென்சிலால் வரையட்டும். கோணலாக வந்தாலும் திருத்தாதீர்கள். "அவர் என்ன செய்கிறார்?" என்று தமிழில் மட்டும் கேளுங்கள்.

அந்தத் தாயாரிடமும் இதையே சொன்னேன். பெட்டியை இன்றே திறந்துவிடுங்கள், அம்மா. தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.